ரேடியேட்டர் மாற்றியபின் ஏர் லாக்: அறிகுறியைப் பார்த்துக் காற்றை வெளியேற்றும் முறை

பழைய ரேடியேட்டர் ஒழுகியது. புதிது வாங்கி மாட்டியாயிற்று, கூலன்ட்டும் ஊற்றியாயிற்று. ஆனால் வண்டி பத்து கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறுகிறது. அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கிறது. அல்லது நேற்று நிரம்பியிருந்த டேங்க் இன்று காலை பாதியாகக் கிடக்கிறது. இந்த இடத்தில் பலருக்கும் முதலில் வரும் பயம், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" என்பதுதான். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் இந்தக் கேஸ்கெட். பக்கத்தில் நிற்பவர்களும் அதையே சொல்வார்கள். அந்தப் பயத்தில் ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை (இதுதான் ஏர் லாக்) ஒழுங்காக வெளியேற்றிப் பாருங்கள். ரேடியேட்டர் மாற்றிய கையோடு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அதோடு தீர்ந்துவிடும்.

காற்றா, வேறு கோளாறா என்று பிரித்தறிய ஒரு அளவுகோல் போதும். உள்ளே தங்கிய காற்று என்றால், வண்டி நன்றாகச் சூடாகி முழுவதும் ஆறும் ஒவ்வொரு சுற்றுக்கும் அறிகுறி குறைந்துகொண்டே வரும். இரண்டு மூன்று சுற்று முடிந்த பிறகும் அப்படியே இருந்தாலோ, கூடினாலோ, காற்று எங்கிருந்தோ புதிதாக வந்துகொண்டிருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இப்படித்தான் பார்க்கப் போகிறோம்.

காற்று ஏன் உள்ளேயே தங்குகிறது

வாட்டர் பம்ப் என்பது இறக்கை சுழன்று திரவத்தை வீசித் தள்ளும் சாதனம். இறக்கையைச் சுற்றித் திரவம் இருந்தால்தான் தள்ளும்; காற்று சூழ்ந்துவிட்டால் வெறுமனே சுற்றும். காற்றோ, பாதையில் எது உயரமான இடமோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்), தெர்மோஸ்டாட் ஹவுசிங் (சூட்டுக்கேற்பக் கூலன்ட்டுக்கு வழி திறந்து மூடும் வால்வின் கூடு), சிலிண்டர் ஹெட்டின் மேல்மூலை, மேல் ஹோஸின் வளைவு ஆகியவைதான் அதன் வழக்கமான இருப்பிடங்கள்.

அம்பாசடர் காலத்து வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. ரேடியேட்டர் நெட்டுக்குத்தாக நிற்கும், மூடி அதன் தலையில் இருக்கும். மூடியைத் திறந்து ஊற்றினால் காற்று அதே வழியாக மேலே வந்துவிடும். பிறகு வந்த கார்களில் பானெட் தாழ்ந்தது, ரேடியேட்டரும் கீழே இறங்கியது. பல வண்டிகளில் ஊற்றும் வாயைவிட எஞ்சினின் ஒரு பகுதியோ ஹீட்டர் குழாயோ உயரமாக இருக்கிறது. அங்கே ஏறிய காற்று தானாக இறங்கி வராது.

இதோடு தெர்மோஸ்டாட்டும் சேர்ந்துகொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். பெரும்பாலான கார்களில் 82 அல்லது 88 டிகிரியில்தான் திறக்கத் தொடங்கும். நீங்கள் ஊற்றுவது ரேடியேட்டர் பக்கம் நிரம்பிவிடும், எஞ்சின் பக்கம் காலியாகவே இருக்கும். சில தெர்மோஸ்டாட்களில் காற்று கசிந்து போவதற்கென்றே ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் உண்டு. ரேடியேட்டரோடு தெர்மோஸ்டாட்டையும் மாற்றினீர்கள் என்றால், அந்த ஊசி மேல்பக்கம் பார்த்து மாட்டப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே பார்த்து மாட்டினால் அதனால் ஒரு பயனும் இல்லை.

தொடங்குவதற்கு முன்

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள். 0.9 பார் (அழுத்த அளவு) மூடி போட்ட ரேடியேட்டருக்குள் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருங்கள்.

ரேடியேட்டர் ஃபேன், சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் திடீரென்று ஓடும். விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கூலன்ட் விஷயத்தில் நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம். உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். கலந்தே வரும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டியாக வருவது என்றால் கையேடு சொல்லும் விகிதத்தில், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரோடு கலந்துகொள்ளுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து, புது ரேடியேட்டரும் பழையதன் வழியில் போகும். "நம்ம ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு" என்பார்கள். உறையாமல் இருப்பது அதன் பாதி வேலைதான். துருப் பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்குத் தேவையான பாதி.

இன்னொன்று: வண்டிக்கு மொத்தம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 4, 5 லிட்டர் அளவில் இருக்கும். ஊற்றும்போது எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கு வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும்.

காற்றை வெளியேற்றும் அடிப்படை முறை

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். ரேடியேட்டரின் மீதே அழுத்த மூடி இருந்து, பக்கத்தில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் டேங்க் இருந்தால் ஒரு வகை. மாருதியின் பழைய சின்னக் கார்கள் பலவும் இப்படித்தான். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், கெட்டியான பிளாஸ்டிக் டேங்கில்தான் அழுத்த மூடி இருக்கிறது என்றால் இன்னொரு வகை. ஃபோக்ஸ்வாகன் போலோ இதற்கு எடுத்துக்காட்டு.

இரண்டுக்கும் பொதுவான முதல் வேலை, ஊற்றும் வாயை உயரமான இடமாக ஆக்குவது. மூடி முன்பக்கம் ரேடியேட்டரில் இருந்தால், வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஜாக்கியில் தூக்கினால் ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். மூக்கைத் தூக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். டேங்க் பின்னால், கண்ணாடிக்கு அருகே இருக்கும் வண்டியில் மூக்கைத் தூக்கினால் ரேடியேட்டர்தான் உயரும், வேலை கெடும். அதற்குச் சமதரையே மேல். எந்த வண்டியானாலும், மூடியின் இடத்தில் இறுக்கமாகப் பொருந்தும் உயரமான புனல் கடையில் கிடைக்கும். அதை மாட்டிப் பாதி அளவு கூலன்ட் வைத்தால் புனலே உயரமான இடமாகிவிடும். இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே கருவி இதுதான்.

அடுத்து சாவியை ஆன் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள், ஏசியை அணையுங்கள். ஹீட்டர் குழாயில் வால்வு உள்ள வண்டிகளில், இதைச் செய்யாவிட்டால் ஹீட்டர் கோருக்குள் இருக்கும் காற்று வெளியே வர வழியே இருக்காது. தெற்கே நம் வண்டிகளில் ஹீட்டரை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. கேபிள் இறுகியிருக்கலாம், வால்வு மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். குமிழைத் திருப்பும்போது பானெட்டுக்குள் வால்வின் கை உண்மையில் நகர்கிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டரின் மேல்மூலை, ஹீட்டர் ஹோஸ் ஆகிய இடங்களில் காற்று விடும் திருகு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, கூலன்ட்டை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் உள்ளே போகும் கூலன்ட்டே காற்றையும் அடைத்துக்கொண்டு போகும். நடுநடுவே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வரும். திருகில் இருந்து குமிழி இல்லாத கூலன்ட் வந்ததும் மூடலாம். பித்தளையோ பிளாஸ்டிக்கோ, அந்தத் திருகு மென்மையானது. இறுக்கி உடைத்தவர்கள் ஏராளம்.

மூடி ரேடியேட்டரில் உள்ள வகையில், மூடி போடாமலேயே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும். அப்போது அளவு சட்டென்று இறங்கும், பெரிய குமிழிகள் வரும். இறங்க இறங்க ஊற்றுங்கள். நிமிடத்துக்கு 2000 சுற்று வரும் அளவுக்கு ரேஸ் கொடுத்துச் சில நொடி பிடித்து விடுங்கள்; மூலையில் ஒட்டியிருக்கும் காற்றை அந்த வேகம் பிடுங்கி வரும். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இதைச் செய்யலாம். அளவு மேலே வந்து நின்றதும் மூடியைப் போட்டு, பக்க டேங்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஊற்றி, வண்டியை முழுவதும் ஆறவிடுங்கள்.

டேங்கில் அழுத்த மூடி உள்ள வகையில், மேல் கோடு வரை ஊற்றி, மூடியைப் போட்டு ஓடவிடச் சொல்லும் கம்பெனிகள் உண்டு, கையேட்டைப் பாருங்கள். இந்த வகையில் டேங்கின் மேல்பகுதிக்கு ஒரு மெல்லிய ஹோஸ் வரும். எஞ்சினில் சேரும் காற்றைக் கொண்டுவந்து டேங்கில் விடுவதுதான் அதன் வேலை. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பார்த்தால், பெரும்பாலான வண்டிகளில் அந்தக் குழாயில் இருந்து மெல்லிய தாரை விழுவது தெரியும். சூடேறும்வரை அப்படியே விட்டுவிடாமல், பார்த்ததும் மூடிவிடுங்கள். தாரை வரவில்லை என்றால் குழாய் முனையின் சின்னத் துளையில் அழுக்கோ உப்போ அடைத்திருக்கலாம். ஹோஸைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். இந்தத் துளை அடைந்திருக்கும்வரை நாள் முழுவதும் ஓடவிட்டாலும் காற்று போகாது. ரேடியேட்டரை மாற்றிய பட்டறைகளில் பலர் எட்டிப் பார்க்காத இடம் இது.

இனி அறிகுறிகள்.

சொன்ன அளவு உள்ளே போகவில்லை

வண்டிக்கு 4.5 லிட்டர் பிடிக்க வேண்டும், இரண்டரை லிட்டரிலேயே வழிந்துவிட்டது. எல்லாவற்றையும் வடித்தபின் ஊற்றியது என்றால் எஞ்சின் பக்கம் காலி. ரேடியேட்டரை மட்டும் வடித்திருந்தால் எஞ்சினுக்குள் பழையது கொஞ்சம் தங்கியிருக்கும். வடித்ததை ஒரு வாளியில் பிடித்து அளந்திருந்தால் குழப்பமே இல்லை. இந்த நிலையில் சாலையில் ஓட்டாதீர்கள். மேலே சொன்ன முறையில், நின்ற இடத்திலேயே தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு நிரப்புங்கள். காற்றோட்டமான இடத்தில், ஷட்டர் திறந்த நிலையில்.

முள் ஏறுகிறது, சட்டென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது

காற்றின் கையெழுத்து என்றே இதைச் சொல்லலாம். சென்சாரைச் சுற்றி ஒரு நேரம் கூலன்ட், ஒரு நேரம் நீராவி. நீராவிக் குமிழி கடக்கும்போது முள் எகிறும், பின்னாலேயே கூலன்ட் வந்ததும் இறங்கும். சூட்டில் விரிந்து தெர்மோஸ்டாட்டைத் திறக்கும் உள் மெழுகுக்கும் இதே நிலைதான். அதைச் சுற்றிக் காற்று இருந்தால் சூடு அதற்குத் தாமதமாகத் தெரிகிறது. எஞ்சின் கொதிநிலையை நெருங்கியபின் ஒரேயடியாகத் திறக்கிறது. அந்த நொடியில் ரேடியேட்டரின் குளிர்ந்த கூலன்ட் பாய்ந்து முள் விழுகிறது.

பல கார்களில் முள் உண்மையைச் சொல்வதும் இல்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று, பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். இப்போதைய சின்னக் கார்கள் சிலவற்றில் முள்ளே கிடையாது. குளிர்ந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இடையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, எஞ்சின் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, போனில் டிகிரியைப் பார்ப்பது நல்லது. 85 முதல் 100 வரை மெதுவாக ஏறி இறங்குவது இயல்பு. 90 இல் இருந்து சில நொடியில் 106, உடனே 88 என்று குதித்தால் காற்று. 110 ஐத் தாண்டினால் எஞ்சினை அணையுங்கள், வேறு யோசனை வேண்டாம்.

செய்ய வேண்டியது: முழுவதும் ஆறவைத்து, அளவைச் சரிசெய்து, அடிப்படை முறையை மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது சுற்றில் குதிப்பு சிறுத்திருக்க வேண்டும்.

முள் ஏறவே இல்லை, ஆனால் பானெட்டில் ஆவி

இதுதான் ஆபத்தானது. சென்சார் முழுவதும் காற்றில் தொங்குகிறது. சுற்றியிருக்கும் உலோகம் கொதித்தாலும் அது குறைவாகவே காட்டும். புது ரேடியேட்டர் மாட்டிய முதல் ஓட்டத்தில் முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றால் "ஆஹா, நன்றாகக் குளிர்விக்கிறது" என்று மகிழ வேண்டாம். நிறுத்திப் பாருங்கள். ஆவி தெரிந்தால் அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரமாவது பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வளையலாம், விரிசல் விடலாம்.

ஹீட்டரில் குளிர்ந்த காற்று, டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலப்பு

ஹீட்டர் கோரில் காற்று. ஸ்டார்ட் செய்ததும், ரேஸ் கொடுக்கும்போதும், குழாயில் தண்ணீர் உருளுவது போன்ற சத்தம் காலடிப் பக்கம் கேட்கும். ஹீட்டரே போடாதவருக்கு இது என்ன தொல்லை என்று தோன்றலாம். அந்தக் காற்று அங்கேயே இருக்காது; ஒரு மேட்டிலோ வளைவிலோ கழன்று எஞ்சினுக்குள் வந்து சேரும்.

பானெட்டுக்குள், கண்ணாடிக்குக் கீழே உள்ள சுவரில் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூடானபின் இரண்டும் சூடாக இருந்தால் ஓட்டம் இருக்கிறது. ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் காற்றோ அடைப்போ, மூடிய வால்வோ. 2000 முதல் 2500 சுற்றில் ஓரிரு நிமிடம் பிடித்தபடி, அந்த ஹோஸ்களை அமுக்கி விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், எஞ்சின் ஆறிய பிறகு, உயரமாக இருக்கும் ஹீட்டர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, முனையைச் சற்றே விலக்கிக்கொண்டு, மூடி வாயில் கூலன்ட் ஊற்றுங்கள். தளர்த்திய இடத்தில் கூலன்ட் வந்ததும் ஹோஸைத் தள்ளி கிளிப்பை இறுக்குங்கள். திருகு இல்லாத வண்டிக்கு இதுவே திருகு. பழைய பிளாஸ்டிக் முனைகளில் ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள், முனையோடு வந்துவிடும்.

காற்று போனபின் இந்த ஹீட்டர் ஒரு உதவியும் செய்யும். வெயில் நேரத்து நெரிசலில் முள் ஏறினால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகப் போட்டால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஓரம் கட்டும்வரை எஞ்சின் பிழைக்கும்.

மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கிறது

ஸ்டார்ட் செய்த ஐந்து நிமிடத்தில் இப்படி இருப்பது சரிதான். ஃபேன் ஓடும் அளவு சூடான பிறகும் இப்படி என்றால், கூலன்ட் சுற்றவில்லை. காற்று தடுக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், பம்ப் இறக்கை தேய்ந்தோ உடைந்தோ இருக்கலாம். இங்கேயும் அளவுகோல் அதேதான்: ஒருமுறை ஒழுங்காகக் காற்றை எடுத்தபின் கீழ் ஹோஸுக்குச் சூடு வந்தால் காற்று, வராவிட்டால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். அதன்மேல் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம், நம் வெயிலுக்கு அது எதற்கு" என்ற யோசனை பல பட்டறைகளில் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். அதைவிட முக்கியம், பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் அதுவே மூடுகிறது. அது இல்லாவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். நெடுஞ்சாலையில், குளிர வேண்டிய நேரத்தில், வண்டி கூடுதலாகச் சூடாகும்.

ஃபேன் ஓடவில்லை

ஏசியைப் போடுங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார் நல்லது. சுவிட்ச் அல்லது சென்சார் காற்றில் இருக்கலாம். ஏசிக்கும் ஓடவில்லை என்றால் ரேடியேட்டர் மாற்றும்போது கழற்றிய சாக்கெட்டைத் திரும்பச் செருகினார்களா என்று பாருங்கள். விடுபடுவது அடிக்கடி நடக்கும்.

காலையில் அளவு இறங்கியிருக்கிறது

முதல் ஓரிரு காலைகளில் கொஞ்சம் இறங்குவது நல்ல செய்தி. காற்று வெளியேறிய இடத்தைக் கூலன்ட் பிடித்திருக்கிறது. ஊற்றி நிரப்புங்கள்.

பக்க டேங்க் உள்ள வகையில் இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்ப்பீர்கள்: டேங்க் நிரம்பி வழிகிறது, ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே குறைவு. இதற்குக் காற்றைக் குற்றம் சொல்லி ஊற்றி ஊற்றிச் சலித்துப்போனவர்கள் பலர். கோளாறு மூடியில். சூடானால் கூலன்ட் விரிந்து மூடியின் பெரிய ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு டேங்குக்குப் போகும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு திறந்து, போன கூலன்ட்டைத் திரும்ப இழுக்கும். அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் கூலன்ட் திரும்பாது. ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பையாக ஒடுங்கிக் கிடக்கும். ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காமல் சீக்கிரமே கொதிக்கும்.

டேங்குக்குப் போகும் மெல்லிய ஹோஸில் விரிசல் இருந்தாலும், அதன் முனை டேங்கில் கூலன்ட்டுக்குள் முங்காமல் இருந்தாலும், ஆறும்போது இழுக்கப்படுவது காற்று. அதாவது நீங்கள் பகலில் வெளியேற்றும் காற்றை வண்டி இரவில் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. குறையாத காற்றுக்கு முதல் சந்தேகம் இங்கேதான் இருக்க வேண்டும், கேஸ்கெட்டில் அல்ல.

புது ரேடியேட்டரில் பழைய மூடியை மாட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். மூடியின் மேல் 0.9, 1.1 என்று பொறித்திருக்கும். கம்பெனி சொன்ன எண்ணையே வாங்குங்கள். அதிக எண் போட்டால் நல்லது என்று நினைத்தால், பலவீனமான ஹோஸோ ஹீட்டர் கோரோ வெடிக்கும். வேறு கம்பெனி ரேடியேட்டரில் கழுத்தின் ஆழம் மாறியிருந்தால் சரியான எண் கொண்ட மூடியும் உட்காராது. கழுத்தின் உள்விளிம்பில் ரப்பர் பதிந்த தடம் முழு வட்டமாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கூலன்ட் குறைகிறது, ஹோஸும் மூடியும் நல்லது என்றால் புதிதாகப் போட்ட கிளிப்புகளையும், ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகையும் பார்க்கவும். சூட்டில் ஒழுகிய இடம் ஆறியதும் நிறப் பொடியாகக் காய்ந்து காட்டிக்கொடுக்கும்.

குமிழி நிற்கவே இல்லை

தெர்மோஸ்டாட் திறந்து, அளவு நிலைத்து, அரை மணி நேரம் ஆனபிறகும் மூடி வாயில் சீராகச் சின்னக் குமிழிகள் வருகின்றன. ரேஸ் கொடுத்தால் கூடுகின்றன. இப்போது கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட் பாதைக்குள் நுழைகிறது. பழைய ரேடியேட்டர் ஒழுகியபோது வண்டி ஒருமுறையாவது கொதித்து நின்றதா என்று யோசித்துப் பாருங்கள். கொதித்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு வலு கூடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரவு முழுதும் ஆறிய எஞ்சின், மூடி போட்ட நிலை. ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அழுத்துங்கள். கூலன்ட் இன்னும் சூடாகவில்லை, விரியவும் இல்லை. அதற்குள் ஹோஸ் கல்லாக இறுகினால், அந்த அழுத்தம் சிலிண்டரில் இருந்துதான் வர வேண்டும்.

பட்டறையில் இன்னும் உறுதியாகப் பார்க்கலாம். மூடி வாயில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, அதில் நீல நிறத் திரவம் ஊற்றி, மேலெழும் வாயுவை அதன் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால், பெட்ரோல் எஞ்சினில் நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டே குழலுக்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். நிறம் மாறாவிட்டால் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படலம் இருப்பதை மட்டும் வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். கிட்டத்து ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியில், ஈரம் படிந்தும் அப்படி வரும். ஆயில் கேஜ் கம்பியிலும் பால் நிறம், சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, குறைந்துகொண்டே போகும் கூலன்ட் என்று சேர்ந்து வந்தால் அது வேறு கதை.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலின் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பது உண்டு. டேங்கில் ரோஜா நிறக் குழம்பு தெரிந்தால் எஞ்சினை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள். கியர்பாக்ஸுக்குள் கூலன்ட் போயிருக்கும்.

தனி வழி கேட்கும் வண்டிகள்

மாருதி ஆம்னி, ஈக்கோ போன்றவற்றில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் மூக்கில். நடுவில் நீண்ட குழாய்கள். நிரம்ப நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள். மூக்கைத் தூக்கி நிறுத்துவது இவற்றில் நன்றாகவே பலன் தரும்.

பெல்ட் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் வாட்டர் பம்ப் உள்ள கார்களில் ரேஸ் கொடுப்பதால் பயனில்லை. அத்தகைய பிஎம்டபிள்யூ மாடல்கள் பலவற்றில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹீட்டர் சூட்டை உச்சத்துக்கும் புளோயரை மிகக் குறைவுக்கும் வைத்து, ஆக்சிலரேட்டரை 10 நொடி முழுவதும் அழுத்திப் பிடித்தால் பம்ப் தானே ஏறத்தாழ 12 நிமிடம் ஓடிக் காற்றைத் தள்ளும். பேட்டரியைச் சார்ஜரில் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். வேறு சில கார்களுக்கு ஸ்கேனர் வேண்டும். பெரிய பட்டறைகளில் வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவி இருந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே கேளுங்கள். முதலில் காற்றை உறிஞ்சிவிட்டு அதே இழுப்பில் கூலன்ட்டை உள்ளே விடுவதால், காற்று தங்க இடமே இருக்காது. உறிஞ்சியபின் அந்தக் கருவியின் முள் நிற்காமல் இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்பதும் ஊற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

முதல் வாரம்

சிந்திய கூலன்ட்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வடித்ததை மூடி போட்ட கேனில் வையுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெருநாய் நக்கினாலே சாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம்.

தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், அதே சமதரையில் டேங்கின் அளவில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு லிட்டர் கலந்த கூலன்ட் டிக்கியில் இருக்கட்டும். கோடு ஓரிடத்தில் நின்ற பிறகுதான் நீண்ட பயணம், மலைப்பாதை எல்லாம். நான்காவது காலையிலும் இறங்கிக்கொண்டே போனால், ஊற்றி ஊற்றி ஓட்டாமல் பிரஷர் டெஸ்டர் உள்ள பட்டறைக்குப் போங்கள். ஆறிய எஞ்சினில், மூடியில் பொறித்த அளவுக்குக் கைப் பம்பால் அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் வைத்தால், ஒழுகும் இடம் தானே நனைந்து காட்டும். எங்கும் நனையாமல் டெஸ்டரின் முள் மட்டும் இறங்கினால் கார்ப்பெட்டைத் தூக்கி ஹீட்டர் கோர் பக்கம் ஈரம் பாருங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் நீலத் திரவச் சோதனையைச் செய்யச் சொல்லலாம்.